கழுவாத பஞ்சு

இன்று மாலை மழை விட்டதும் பால் வாங்கக் கீழே இறங்கினேன். நம் மூக்கண்டப்பள்ளி சந்து முனையில் புதிதாக ஒரு பைக் மெக்கானிக் கடை போட்டிருக்கிறான். அவன் வாசலில் தேங்கிய தண்ணீர் முழுக்க நீலமும் ஊதாவுமாக எண்ணெய் படர்ந்து கிடந்தது. டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் குனிந்து பார்த்து, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் அதட்டியிருப்பாய். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயை யாராவது அழகு என்றால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை, நின்றால் என்ன?

உன்னோடு பேசி நாளாகிவிட்டது. எழுதினால் படிக்க நீ இல்லை என்பது தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு வேறு யாரிடம் இதையெல்லாம் சொல்ல வரும்?

ஓசூருக்கு நீ வந்த முதல் மார்கழி நினைவிருக்கிறதா? கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு உன்னுடையது. இரண்டு ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் கம்பளியையும் சுற்றிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல மனுசங்க எப்புடிப் புள்ள உசுரோட இருக்கீங்க?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற நான் வெறும் தாவணியில் இருந்தேன். ஜவளகிரிப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்துக்காரிக்கு அது ஒரு குளிரா? அன்றிலிருந்து நீ என்னைக் கரடி என்றுதான் கூப்பிட்டாய். அடுத்த மாதமே இருவரும் ஒரே அறை, ஒரே அடுப்பு என்றானோம். என் அம்மா உனக்கென்று எங்கள் நிலத்து இலவம் பஞ்சில் ஒரு தலையணை தைத்து அனுப்பினாள். "உங்கம்மா என்னைப் பெறாத குறைதான்" என்று அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாய். என்னுடைய தலையணையும் அதே மரத்துப் பஞ்சுதான்.

அந்த அடுப்புதான் எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்தது. பழைய திரி ஸ்டவ். அதன் அடி ஒழுகி, பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் மண்ணெண்ணெய் இறங்கிவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெய் போய்விட்டதே என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நீ என்ன நினைத்தாயோ, தையல் விட்டிருந்த உன் தலையணையிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிய்த்துத் தண்ணீர்மேல் போட்டாய். பஞ்சு மிதந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணெண்ணெயை மட்டும் குடித்துக் கனத்தது. எடுத்து ஸ்டவ்வுக்குள் பிழிந்தாய். கொஞ்சம் படபடத்தாலும் திரி எரிந்தது. நான் கைதட்டினேன். நீ தட்டவில்லை. தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க கழியில இதப் போட்டுருக்கலாமே" என்றாய்.

அதற்கு முன்பு நீ உன் ஊரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அன்று பேசினாய். எங்கோ தட்டிய கப்பலிலிருந்து எண்ணெய் ஒழுகி உங்கள் கரைக்கு வந்ததையும், கடல் அலையடித்துத் தன்னைக் கழுவிக்கொண்டதையும், ஊருக்குப் பின்னாலிருக்கும் உப்பங்கழியில் மட்டும் அது போக வழியில்லாமல் தங்கிவிட்டதையும் சொன்னாய். அலையாத்தி வேரெல்லாம் கறுப்பு. உன் அம்மாவும் மற்றப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்த இடம் அது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. கிடைத்த கொஞ்ச நண்டையும் நாறுகிறது என்று வாங்க ஆளில்லை. அந்த வருடத்தில்தான் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தார்கள், நீ கிளம்பி வந்தாய். உன் அப்பா படகை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா தண்ணிய விட்டு வந்தாருன்னா செத்துருவாரு" என்று நீ சொன்னபோது உன் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

பிறகு நம் அறை அறையாகவா இருந்தது? பிளாஸ்டிக் டப்பில் கடல் செய்தோம். கடலையே பார்க்காத என்னிடம் உப்புப் போடச் சொன்னாய். நான் குழம்புக்குப் போடுவதுபோல் போட்டுவிட்டு நக்கிப் பார்க்கச் சொன்னேன். "இது கடலா? மோரு!" என்று இன்னும் நாலு கை அள்ளிப் போட்டாய். கம்பெனியில் வழித்துக் கொட்டும் கழிவு எண்ணெயைக் கேட்டு வாங்கி வந்து மேலே ஊற்றினோம். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துக் கன்னடத்தில், "ஏனம்மா இது, மனேயொளகே சமுத்ரானா?" என்றாள். வீட்டுக்குள்ளேயே சமுத்திரமா என்று கேட்கிறாள் என நான் சொன்னதும் நீ, "ஆமாங்கம்மா, அலைதான் இல்ல" என்றாய். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்துக்கொண்டே போனாள். உப்புத் தண்ணீரிலும் பஞ்சு எண்ணெயைத்தான் எடுத்தது. எத்தனை முறை செய்தும் அப்படியே நடந்தது.

பங்குனியில் இலவங்காய் வெடிக்கும்வரை காத்திருந்து என் ஊருக்குப் போனோம். நாம் கேட்டனுப்பியபடி அம்மா இரண்டு பெரிய மூட்டை கட்டி வைத்திருந்தாள். அவிழ்த்துப் பார்த்தால் மல்லிகைபோல் வெள்ளை. கொட்டையோ தூசோ ஒன்றில்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஊரு விட்டு ஊரு போவுது, அழுக்கா அனுப்பினா நம்மள இன்னா நெனப்பாங்க? தண்ணியில முங்கவே மாட்டேன்னு அடம் புடிச்சுது. சுடுதண்ணியில சலவ சோடா போட்டு, கல்ல வெச்சு அமுக்கி, ரெண்டு தபா அலசி எடுத்தேன்" என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நம் இருவருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

அங்கிருந்து உன் ஊருக்குப் போன அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கனமே இல்லாத மூட்டை, ஆனால் ஆள் உயரம். பஸ் கூரையில் ஏற்ற ஒவ்வொரு கண்டக்டரிடமும் சண்டை. மடியில் வைத்துத் தூங்க நான் என் தலையணையை எடுத்து வந்தேன் என்று நீ வழி முழுக்கக் கிண்டல் செய்தாய். உன் ஊரில் இறங்கியதும் கடலைப் பார்த்து வாயடைத்து நின்ற என்னை, "கரடி பயந்துருச்சு" என்று உன் தம்பிக்குக் காட்டினாய்.

கழிக்கரையில் ஊரில் பாதி கூடியிருந்தது. உன் அப்பா மட்டும் தள்ளி, படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நீ முழங்கால் தண்ணீரில் இறங்கி, வேர்களுக்கு நடுவே கறுப்பு தேங்கிய இடத்தில் பஞ்சை அள்ளிப் போட்டாய். அது எண்ணெயைத் தொடுவதற்குள் தண்ணீரைக் குடித்தது. குடித்துச் சாம்பல் கூழாகி மெல்ல இறங்கியது. இன்னும் போட்டாய். அதுவும் இறங்கியது. ஒரு மூட்டை தீர்ந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் அப்பா எழுந்து வந்து, "போதும் ஆயி, கரைக்கு வா. இதுக்கா அம்புட்டு தூரத்துலேர்ந்து தூக்கியாந்த?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. நீ தண்ணீரை விட்டு ஏறவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "நம்ம ரூம்ல மெதந்துச்சே புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய்.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் சலவைச் சோடா என் மண்டையில் உறைத்தது. அறையில் நாம் போட்டுப் பார்த்தது தலையணைப் பஞ்சு. மரத்திலிருந்து எடுத்து அப்படியே திணித்தது. தண்ணீரை ஒட்டவிடாத ஏதோ ஒரு வழவழப்பு அதன்மேல் இருந்திருக்கிறது. அது முங்க மாட்டேன் என்று அடம் பிடித்ததும் அதனால்தான். அம்மா அன்போடு அந்த வழவழப்பைக் கழுவித் தள்ளிவிட்டாள். என் தலையணை உன் வீட்டுத் திண்ணையில்கூட இல்லை, என் கக்கத்திலேயே இருந்தது. பல்லால் தையலைக் கடித்துக் கிழித்து உன் கையில் கொடுத்தேன்.

மங்கிய நிறத்தில், கொட்டையும் தூசுமாக இருந்த அந்தப் பஞ்சு மிதந்தது. கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, பிறகு தார்போலக் கறுத்தது. நீ ஒரு பிடியை அள்ளித் தகர டின்னில் பிழிந்தாய். டின்னின் அடியில் எண்ணெய் நின்றது. பஞ்சு இருந்த இடத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்து உன் கால் தெரிந்தது. உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சிரித்தவர்களும் இறங்கினார்கள். ஒரே ஒரு தலையணைதான். அது தீரும்வரை யாரும் கரையேறவில்லை.

நான் மட்டும் கரையில் நின்றேன். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் தலையணையைக் கொடுக்காமல் இருந்திருந்தால் நீ அழுதுகொண்டாவது என்னோடு பஸ் ஏறியிருப்பாய். நான் தனியாக ஓசூருக்குத் திரும்பிய அன்று நீ பஸ்ஸடியில் என் கையைப் பிடித்து, "கழுவாம அனுப்பு. உங்கம்மாகிட்ட ஏன்னு சொல்லிராத" என்றாய். நான் சொல்லவே இல்லை. கொட்டையோடு இருந்தால்தான் அங்கே வாங்குகிறார்கள் என்று அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கடைசிவரை அவள், கடற்கரைக்காரர்களுக்குச் சுத்தம் போதாது என்றே நினைத்திருந்தாள்.

வருடா வருடம் பங்குனிக்கு மூட்டை அனுப்பினேன். நீ அதைப் பழைய வலைக்குள் நீள நீளத் தலையணையாகத் திணித்து, கழியின் குறுக்கே கட்டிவைப்பதாகவும், ஓதம் ஏறி இறங்கும்போது சேற்றுக்குள்ளிருந்து கிளம்பும் எண்ணெயை அது பிடித்துக்கொள்வதாகவும் உன் தம்பி சொன்னான். அப்பா படகை விற்கவில்லை. ஒருநாள் வீட்டுக்காரம்மாவின் கடைக்கு உன் போன் வந்தது. "புள்ள, இறால் வந்துருச்சு! அம்மா ஒரு கூடை புடிச்சிருக்கு!" என்று கத்தினாய். எனக்கும் கண் நிறைந்தது. அப்படியானால் வேலை முடிந்ததல்லவா, வந்துவிடு என்றேன். "மழைக்கு மழை சேறு கலங்குது புள்ள. பஞ்சு மாத்த இங்க ஆளு வேணும்" என்றாய். சரி என்றேன். உன் கட்டிலுக்கு வந்த புதுப் பெண்ணோடு எனக்கு ஒட்டவில்லை. அவள் போனபின் அறையை ஒற்றை ஆளாகவே வைத்துக்கொண்டேன். என்னை மறந்துவிட்டாய் என்றே நினைத்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது சொல்வதற்கென்ன?

உனக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கழி தெளிவாக இருந்தது. உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் மூட்டை அனுப்ப வேண்டுமா, நிறுத்திவிடவா என்று உன் தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"நிறுத்திராதீங்கக்கா" என்றாள் அவள். "ஓங்க மூட்டைய அண்ணி யாரையும் அவுக்க விடாது. கதவச் சாத்திக்கிட்டு அதுவாத்தான் அவுக்கும். ஒருக்கா உள்ள போயிட்டேன். பஞ்சுக்குள்ள மொகத்தப் பொதச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. பங்குனி வெயிலுல என்னா அண்ணி இதுன்னு கேட்டா, குளுருதுடின்னு சொல்லிச்சு."

அந்த ஒரு சொல்லைத்தான் அங்கிருந்து எடுத்து வந்தேன். நீ வராததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது. இந்தப் பங்குனிக்கும் மூட்டை கட்டினேன். கழுவவில்லை, கொட்டைகூட எடுக்கவில்லை. வாயைத் தைக்கும்முன் நானும் முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கே இனி அதைக் கதவைத் திறந்துவைத்துத்தான் அவிழ்ப்பார்கள்.