நூற்றொன்றால் வகுபடும்

9, திங்கள்

வெயில். ஒன்பது மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. கோச்சிங் சென்டரில் ரெண்டு ஃபேனில் ஒன்று ஓடவில்லை. பேட்ச் பிரிக்கும் தேர்வு முடிவு ஒட்டினார்கள். முதல் இருபது பேருக்குக் காலை வகுப்பு. மற்றவர்களுக்கு மாலை, ஐந்திலிருந்து எட்டு.

மதியம் செல்வராணி வந்தாள். சிறுமலைப் பெண். இருபத்தொன்றாவது இடம்.

"சாயங்கால வகுப்புன்னா என்னால வரவே முடியாது சார். மலைக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கே போயிரும்."

கையில் வினாத்தாள். 17ஆம் கேள்வி: எது பகா எண்? 1001, 1,00,001, 10,00,001, எதுவுமில்லை. அவள் போட்டது கடைசி. விடைக்குறிப்பில் 10,00,001. அந்த ஒரு மார்க் கிடைத்தால் இருபதுக்குள் வந்துவிடுவாள்.

"அது நூத்தியொண்ணால போகுது சார்."

பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

10, செவ்வாய்

வகுத்தேன். 101 × 9901. மிச்சம் இல்லை. எரிச்சல்.

19 வரை எதாலும் வகுபடாவிட்டால் பகா எண், மேலே போய் நேரத்தை வீணாக்காதே. இது சென்டர் ஷார்ட்கட். முந்நூறு, நானூறுக்குச் சரி. பத்து லட்சத்துக்கு ஆயிரம் வரை போக வேண்டும். பாடம் நடத்தியது நான். கேள்வி போட்டதும் நான். எம்.எஸ்சி. கணக்கு. த்தூ.

101 எப்படித் தோன்றியது என்று அவளைக் கேட்டேன். வீட்டில் எலுமிச்சை நூறு எண்ணினால் ஒன்று கொசுறு.

"குவியலுக்கு நூத்தியொண்ணு சார். 9,900 குவியல் போட்டா 9,99,900. மிச்சம் நூத்தியொண்ணு. அது இன்னொரு குவியல். அம்புட்டுதான்."

11, புதன்

மழை, தெருவெல்லாம் சகதி. செருப்பு அறுந்தது. சென்டர் முதலாளியிடம் போனேன். டைரக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நூத்தியொண்ணால எவன்யா வகுத்துப் பாப்பான்?"

"அந்தப் பொண்ணு பாத்துச்சு சார்."

"லிஸ்ட்டு குரூப்ல போட்டாச்சு. மாத்துனா பத்தொம்பது பேருக்கு மார்க் குறையும். அவனுங்க அப்பன் ஆத்தா வந்து நின்னா நீ பதில் சொல்லுவியா?"

பத்தொன்பது பேர் தப்பாக எழுதினால் எண் பகா எண் ஆகிவிடும் போல. ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். டவுன்காரனுக்கு ஒரு மார்க் வெறும் மார்க். மலைக்காரிக்கு அது ஒரு வருஷம். ராத்திரி எட்டரைக்கு ஒரு பஸ் விட்டால் குடியா முழுகிவிடும்?

செருப்பு தைக்க. தலைவலி மாத்திரை. அம்மாவுக்கு போன்.

12, வியாழன்

காலை வகுப்பில் செல்வராணி. மூன்றாவது பெஞ்ச். நான் வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. வருகைப் பதிவில் பெயரை எழுதினேன்.

பத்தரைக்கு டைரக்டர் எட்டிப் பார்த்தார். தலைகளை எண்ணினார்.

"ஏம்மா, நீ ஈவினிங் பேட்ச்தான?"

எழுந்தாள். "நீங்களே வகுத்துப் பாருங்க சார். மிச்சம் வந்தா போயிர்றேன்."

பின்னால் ஒருத்தன்: "ஏலே, மாட்டுனாருடா." சிரிப்பு.

மார்க்கரை என்னிடமிருந்து பிடுங்கினார். 10,00,001 எழுதினார், இடது பக்கம் 101. 9 போட்டார். கழித்தார். இன்னொரு 9. ஒரு சைபர். கடைசி 1ஐக் கீழே இறக்கினார். 101. கை அங்கேயே நின்றது.

போன் வருது என்று வெளியே போனார். எந்த போனும் அடிக்கவில்லை.

அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.