ப்ரேக் அடித்தால் ஒரு டொக்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழுக்கே புழுக்கம். கேஸ் புக் பண்ண. இவருக்கு பிரஷர் மாத்திரை வாங்க. ரெண்டும் நடக்கவில்லை.

வண்டியில் புதுசாக ஒரு சத்தம். பெருங்களத்தூர் சிக்னலில் ப்ரேக் அடித்தேன், டொக். ஒரே ஒரு தரம், யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி. வண்டலூரில் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து நின்றது, அங்கே நல்ல பலமாக. மெதுவாக அழுத்தினால் ஒன்றுமில்லை. சட்டென்று அழுத்தினால் டொக்.

எங்கள் காலேஜ் ஜெயபாலன் சாரிடம் வாங்கின பழைய கார். வாங்கி அஞ்சு வாரம். டிபார்ட்மென்டே டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சாவியை என் கையில் வைத்து, "வண்டி இல்ல மேடம் இது, என் பொண்ணு மாதிரி. ஒரு குறை இருந்தா என் சட்டையப் பிடிங்க" என்றார்.

சட்டை. ஞாபகம் இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால் சத்தம் கேட்டதும் பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கேஸ் புக் பண்ணியாச்சு.

இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன். காலேஜ் அங்கீகாரத்துக்குப் போன இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் நான் போட்டது. நாலு மாசம். எங்கள் மெக்கானிக்கல் டிபார்ட்மென்டில் எந்த லேபில் எத்தனை மெஷின், எது ஓடுகிறது, எது துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது, எல்லாம் பதினேழு வருஷமாக லேப் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிற எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் உட்கார்ந்தேன். கடைசியில் முதல் பக்கத்தில், தயாரித்தவர் என்ற இடத்தில், ஜெ. பேர் மட்டும். போய்க் கேட்டேன். "ஃபார்மட்ல ஒரு பேருக்குத்தான் மேடம் எடம் இருக்கு."

போன வெள்ளிக்கிழமை விழா. அவருக்குப் பொன்னாடை, கோஆர்டினேட்டர் பதவி. எனக்கு ஒரு மெமென்டோ. கருங்கல் பீடம், அதன்மேல் பித்தளைத் தகடு, உறுதுணையாக இருந்தமைக்கு நன்றி என்று இங்கிலீஷில். கை தட்டினார்கள். நானும் சிரித்தேன், போட்டோவில் இருக்கிறது. அந்தச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

இவரிடம் சொன்னதற்கு, "அதான் மெமென்டோ குடுத்தாங்கல்ல, விடு." எச்.ஓ.டி.யிடம் சொன்னதற்கு, "எல்லாம் டீம் வொர்க்தானே மேடம்." அதோடு சரி. நான் சொல்வது ஒருத்தர் காதிலும் விழவில்லை. டொக் விழும்.

டீ நேரத்தில் சாதாரணமாக ஆரம்பித்தேன். "சார், உங்க பொண்ணு ப்ரேக் அடிச்சா முனகறா." எல்லாரும் சிரித்தார்கள். ஜெ. சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் இருக்காதே மேடம்" என்றார், காது மடல் சிவந்துவிட்டது. நல்ல நாள்.

உடனே ஆளுக்கொரு தீர்ப்பு:
– எச்.ஓ.டி.: டிஸ்க் வளைந்திருக்கும்.
– டிசைன் எடுக்கிற சார்: சஸ்பென்ஷன். போர்டில் படமே போட்டுவிட்டார்.
– தெர்மல் மேடம்: என்ஜின் மவுன்ட்.

மூன்று பேரும் டாக்டரேட். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் யாருமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் பர்மிஷன். பம்மலில் பாய் ஒர்க்ஷாப். தெருவெல்லாம் கேபிளுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், செருப்பு முழுக்கச் சேறு.

பாய்க்கு அறுபது இருக்கும். கதை கேட்கவில்லை. "எறங்கி பின்சீட்ல குந்துங்க மேடம். நான் ஓட்றேன். காத மட்டும் குடுங்க." பம்மல் மெயின் ரோட்டில் ரெண்டு நடை. அடித்தார், டொக். ரிவர்ஸில் வந்து அடித்தார், அப்போதும் டொக், ஆனால் இன்னும் பின்னால் போய்க் கேட்டது.

திரும்பி வந்து ஜாக்கி போட்டு நாலு வீலையும் கழற்றினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெ.வின் வண்டவாளம் ஒவ்வொன்றாக வெளியே வரும் என்று காத்திருந்தேன்.

"பேடு புச்சா கீது. லோயர் ஆம் புஷ்ஷு நல்லாக்கீது. யாரோ பாத்து பாத்து வச்சிருந்த வண்டி மேடம் இது."

எரிச்சலாக வந்தது.

"அப்ப சத்தம்?"

"இது ப்ரேக்கே இல்ல. நீங்க அடிக்கசொல்லோ இன்னாவோ ஒண்ணு முன்னாடி வந்து முட்டுது. டிக்கில இன்னா வச்சிகினு சுத்துறீங்க?"

"பசங்களோட ரெக்கார்ட் நோட்டு. திருத்தணும். வெறும் பேப்பர் பாய், அது எப்படி டொக்குனு கேக்கும்?"

"அல்லாத்தையும் எறக்கிட்டு வண்டிய எட்த்துகினு வாங்க. அப்பால பாக்கலாம்."

கடைசியாகக் கேட்டேன். வித்தவர் தெரிந்தே மறைத்திருப்பாரா என்று. பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வண்டி பேசுனா எனக்கு புரியும் மேடம். ஆளுங்கள பத்தி நான் இன்னா சொல்றது" என்றார். காசும் வாங்கவில்லை. அதுவும் எரிச்சல்.

நோட்டை இறக்கவில்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, யார் தூக்குவது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போகும் வழியில் செல்போனை சீட்டில் வைத்துச் சத்தத்தைப் பதிவு பண்ணினேன். கூடுவாஞ்சேரி போவதற்குள் நாலு நல்ல டொக். டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி: "மெக்கானிக்கும் பார்த்துவிட்டார். ஏதோ லூஸாக இருக்கிறதாம்."

பாய் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதில் பாதி அது. பாதி போதும்.

பத்து நிமிஷத்தில் களை கட்டியது. அழுகிற முகம், அதிர்ச்சி முகம், "பாவம் மேடம்." புதுசாகச் சேர்ந்த பையன் ஒருத்தன், "பொண்ணு பாக்கறப்ப நல்லா விசாரிக்கணும் மேடம்" என்று போட்டு நாலு சிரிப்பு வாங்கினான். எல்லாவற்றையும் ஜெ. பார்த்துக்கொண்டிருந்தார், நீல டிக் காட்டியது. சாயங்காலம் வரை பதில் இல்லை. அப்புறம்:

"திங்கள் காலை ஒன்பது மணிக்கு பார்க்கிங்கில் அனைவரும் வரவும். வண்டியை நானே ஓட்டிப் பார்க்கிறேன். குறை என் பக்கம் என்றால் அனைவர் முன்னிலையிலும் மேடத்திடம் மன்னிப்பு கேட்கிறேன்."

பதினோரு தடவை படித்தேன். சாம்பாரில் உப்பு ரெண்டு முறை போட்டுவிட்டேன். இவர் தயிர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

திங்களுக்கு அந்தக் கருநீலப் புடவை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். தலைக்கு எண்ணெய். துணி ரெண்டு பக்கெட்.

ரெக்கார்ட் நோட்டு திருத்தியே ஆகவேண்டும், நாளைக்குப் பசங்களுக்குக் கொடுக்கணும். மூன்று நடையில் மேலே கொண்டுவந்தேன். கடைசிக் கட்டை எடுக்கும்போதுதான் பார்த்தேன். டிக்கியில் ஸ்டெப்னி டயரை மூடியிருக்கிற அட்டைப் பலகை ஒரு மூலையில் உடைந்து பள்ளமாக இருந்தது. தூக்கினேன்.

ஸ்டெப்னிக்குப் பக்கத்துச் சந்தில் மெமென்டோ.

விழா முடிந்து வந்த ஆத்திரத்தில் டிக்கியைத் திறந்து வீசினேன். எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. உடைந்த மூலை வழியாக உள்ளே போயிருக்கிறது. கையால் முன்னே தள்ளினேன். டொக். அதே டொக்.

 கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. குரூப்பில் ஒரு வரி போட்டால் முடிந்துவிடும். "மன்னிக்கவும், என் பொருள்தான் உருண்டிருக்கிறது." டைப்கூடப் பண்ணினேன். அப்புறம் அவர் அதற்குப் பதில் போடுவதை நினைத்துப் பார்த்தேன், "பரவாயில்லை மேடம்" என்று, ஒரு கும்பிடு பொம்மையோடு. அழித்துவிட்டேன்.

பலகை உடைந்தது அவர் காலத்தில். பலகை முழுசாக இருந்திருந்தால் இது உள்ளே போயிருக்காது. அப்படிப் பார்த்தால் குறை அவர் பக்கமும்தான்.

திரும்ப அதே சந்தில் வைத்தேன். பலகையை மூடினேன். ஆட்டிப் பார்த்தேன், டொக். நோட்டை எல்லாம் திருத்தி சாயங்காலம் மறுபடி பலகைமேல் அடுக்கினேன்.

இவர் பால்கனியிலிருந்து, "இப்பதானே தூக்கினு வந்த, மறுபடியும் எதுக்கு கீழ?"

"காலைல அவசரமாயிடும்" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேகமூட்டம். கருநீலப் புடவை. ஒன்பதுக்கு முன்னாடியே பார்க்கிங்கில் பன்னிரண்டு பேர், கையில் டீயோடு.

ஜெ. ஓட்டினார். முன்னால் எச்.ஓ.டி., பின்னால் நான். கேன்டீன் திருப்பத்தில் சட்டென்று அடித்தார். டொக். இன்னொரு தரம். டொக். எச்.ஓ.டி. திரும்பி, "நல்லாவே கேக்குதே ஜெயபாலன்" என்றார். கண்ணாடியில் ஜெ. முகத்தைப் பார்த்தேன். நாலு மாசத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்ப வந்து நிறுத்தினார். இறங்கி நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். பாய் பார்க்கச் சொன்ன இடத்துக்கு அவர் தானாகவே போனார். நோட்டுக்கட்டை ஒதுக்கிப் பலகையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். பக்கத்தில் நான் மட்டும்தான். மற்றவர்கள் டீயோடு தள்ளி நின்றார்கள்.

கை உள்ளேயே நின்றது. தகடு அவர் பக்கம் திரும்பியிருந்தது. படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், வியர்வைக்கு என்று நினைத்தேன். மறுபடி கை உள்ளே போனது. ஏதோ செய்தார். பலகையை மூடினார், டிக்கியைச் சாத்தினார்.

"ஸ்டெப்னி போல்ட் லூஸ். நான்தான் சரியா டைட் பண்ணாம குடுத்துட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க மேடம்."

கையெடுத்துக் கும்பிட்டார்.

எச்.ஓ.டி. அவர் தோளில் தட்டி, "இந்த மனசு யாருக்கு வரும்" என்றார். புதுப் பையன் கை தட்ட, இன்னும் ரெண்டு பேர் தட்டினார்கள். மறுபடியும் அவருக்கே பொன்னாடை போட்ட மாதிரி. நான் என்ன சொல்ல முடியும்? "பரவாயில்ல சார்" என்றேன். நான் தேடின மன்னிப்பு கிடைத்துவிட்டது. கிடைத்த கையோடு அதையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கேயும் பெரிய மனுஷன் அவர்தான்.

நாள் முழுக்கக் காத்திருந்தேன். வராண்டாவில் ஒரு தரம் நின்றார். "பலகை மூலை ஒடஞ்சிருக்கு மேடம். குடுக்கும்போதே சொல்லியிருக்கணும்." அவ்வளவுதான். தகட்டைப் படித்த மனுஷன், ஃபைல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் தூறல். ஊரப்பாக்கம், சத்தம் இல்லை. வண்டலூர், இல்லை. தாம்பரத்தில் வேண்டுமென்றே பலமாக அடித்தேன். பின்னால் பைக்கில் வந்தவன், "யக்கா, தூங்கிகினே ஓட்றியா?" அப்போதும் இல்லை. 

பல்லாவரத்தில் ஒரு பேக்கரி ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். மெமென்டோவை அவர் கைக்குட்டையில் சுற்றி, சந்தில் ஆடாமல் இறுக்கிச் செருகியிருந்தார். வெள்ளைக் கைக்குட்டை, அயர்ன் மடிப்போடு, மூலையில் நீல நூலில் ஜெ. என் வாயையும் அப்படியே அடைத்த மாதிரி.

உருவி எடுத்தேன். மெமென்டோவைப் பழையபடி படுக்கப் போட்டேன். பம்மல் வளைவில் ப்ரேக். டொக்.

கைக்குட்டையைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டிருக்கிறேன். காலையில் அயர்ன் பண்ண வேண்டும். டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுப்பேன். எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்பார்கள். என் திருட்டுத்தனத்தையும் சேர்த்தே சொல்வேன். ஃபைலிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன்.