மீன் தொட்ட சோறு

கூப்பிட்டால் "இன்னா வாறேன்" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து வருகிற என் தாணுவுக்கு,

இந்தத் தடவை ரொம்பத்தான் தாமதம் செய்கிறாய். சரி, போகட்டும். வீட்டு விசேஷம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மீன்தொட்டியில் நத்தை பெருகிவிட்டது.

ஏதோ ஒன்றிரண்டு என்று நினைத்துவிடாதே. கடுகளவில், மிளகளவில், கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. செடியில் இலை தெரியவில்லை. நீ போவதற்கு முன்னால் கடைசியாக வாங்கி வந்த செடிதான் அது. சாலை பஜார் மீன்கடையிலிருந்து ஈரக் காகிதத்தில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மாடி ஏறி வந்தாயே. அதன் இலைக்கு அடியில் முட்டையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். ஆக, இவையெல்லாம் நீ கூட்டி வந்த விருந்தாளிகள்.

ஆனால் அவற்றைப் போஷித்துப் பெருக்கியது நான்தான். அது எப்படி என்று கேள்.

நம் இருவரையுமே கல்யாணம் எட்டிப் பார்க்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து கேரளத்துக்கு வேலைக்கு வந்த அக்காவும் தம்பியும் இந்த வலியசாலை மாடிவீட்டிலேயே நரைத்துப்போனோம். மத்தியானம் ஒரு மணி ஆனால் பழவங்காடிப் பாத்திரக்கடையிலிருந்து, கணக்கு எழுதுகிற இடைவேளையில், நீ போன் செய்வாய். "எக்கா, சாப்டியா?" அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. நான் "ஆச்சு" என்பேன். நீ வைத்துவிடுவாய். நான் ரிட்டையராகி வீட்டோடு இருந்த இத்தனை வருஷமும் அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. இப்போது ஒரு மணிக்கு இந்த வீடு எப்படி இருக்கிறது தெரியுமா?

உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்தபின், தினமும் உனக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். பருப்பு பிசைந்து, நெய் விட்டு, மொட்டைமாடிச் சுவரில் ஒரு கவளம். வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டியதிலிருந்து இந்தப் பக்கம் காக்கை வருவது அபூர்வம் என்று உனக்கும் தெரியும். சோறு காய்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நான் பசியும் கோபமுமாக இறங்கி வருவேன். இருந்தபோது ரசத்தில் உப்பு கூடினால்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனவனுக்கு இப்போது மட்டும் என்ன முறுக்கு?

அப்படி ஒரு நாள், அந்தக் கவளத்தில் நாலு பருக்கையைக் கிள்ளித் தொட்டியில் போட்டேன். நீ ராணி என்று கூப்பிடுவாயே, அந்த வெள்ளை ஏஞ்சல் மீன், அவள் ஓடிவந்து வாயில் வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காக்கை தொடாத சோற்றை மீன் தொட்டுவிட்டது. நீயே வாங்கிக்கொண்டதாகத்தான் எனக்குப் பட்டது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன், தாணு.

அதிலிருந்து தினமும் தொட்டிக்குத்தான் சோறு. ஓணத்தன்று பாயசத்திலிருந்து சேமியாவைக்கூடக் கழுவிப் போட்டேன். சிரிக்காதே. ராணி வாங்கிக்கொண்டதும் நான் என் தட்டுக்குத் திரும்பிவிடுவேன். தம்பி சாப்பிட்டாயிற்று, இனி நான் சாப்பிடலாம் என்று ஒரு நிம்மதி.

கீழ்வீட்டு ரேவதிதான் முதலில் கேட்டாள். வீட்டுக்காரரின் மருமகள். கறிவேப்பிலை கேட்டு வந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தே, இதென்ன இவ்வளவு நத்தை? என்ன போடுறீங்க இதுல?"

"அவன் போடுற தீனிதான்," என்றேன். சோற்றைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

நீ செடி வாங்கிய வளர்ப்புமீன் கடைக்காரரையும் போய்ப் பார்த்தேன். உன் அக்கா என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மருந்து ஊற்றலாம், ஆனால் நத்தை மொத்தமும் செத்து அழுகினால் மீனும் போய்விடும் என்றார். "நத்த ஒரு பிரச்னையே இல்ல, கேட்டோ அம்மா. மிச்சம் தின்னக் கிட்டுது, அதான் பெருகுது. தீனி குறைச்சா மதி." குறைத்தாலே போதுமாம்.

மிச்சமா? ராணி ஒரு பருக்கை விடாமல் தின்கிறாளே என்று மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே வீடு வந்தேன். மறுநாள் சோற்றைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் என் தட்டுக்குத் திரும்பாமல், உன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ராணி வந்தாள். ஒரு பருக்கையை வாயில் வாங்கினாள். கொஞ்சம் அசைபோட்டாள். துப்பிவிட்டாள். அடுத்த பருக்கையையும் துப்பினாள். சோறு மெல்ல மணலில் இறங்கியது. நத்தைகள் நாலா பக்கத்திலிருந்தும் சாவகாசமாக ஊர்ந்து பந்திக்கு வந்தன.

இத்தனை மாதமும் உன் சோற்றைத் தின்றது நத்தைகள். நீ ஒரு பருக்கை தொடவில்லை. இல்லை, நத்தையாகத்தான் வந்தாயா? கூப்பிட்டால் அரைமணி கழித்து வருகிறவனுக்குப் பொருத்தமான உடம்புதான். இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் காப்பியோடு சரி.

மூன்றாம் பேருக்குச் சொல்லக்கூடாது என்றிருந்ததை ரேவதியிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சோறு நிறுத்தணும் அத்தே. வேற வழியில்ல."

"அவனைப் பட்டினி போடச் சொல்றியா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போனில் எதையோ பார்த்து, "ஒத்த நத்தை இருந்தாலே போதுமாம் அத்தே, துணையில்லாமலே பெருகுமாம்," என்றாள். அதன் கொடுப்பினையைப் பார், தாணு. நான் ஒற்றையாக இருந்து ஒற்றையாகவே இருக்கிறேன்.

நிறுத்தினேன். மணலில் கிடந்த பழைய சோற்றையெல்லாம் நீ செய்வது மாதிரி குழாயில் வாய் வைத்து இழுத்து வெளியேற்றினேன். ஒரு வாய் உள்ளே போய்விட்டது, அதை விடு. மீன் தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், போட்ட உடனே தின்று தீர்க்கிற அளவு மட்டும். சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டை முள்கரண்டியில் குத்தித் தொட்டிக்குள் இறக்கிவிடுவேன். காலையில் எடுத்தால் துண்டே தெரியாமல் நத்தை மொய்த்திருக்கும்.

எடுத்ததை என்ன செய்வது? நசுக்கி மீனுக்கே போடலாமாம். சைவம் சாப்பிட்டு வளர்ந்த கை, அதற்கு வரவில்லை. வாய்க்காலிலோ குளத்திலோ விடவே கூடாது, அங்கே போய்ப் பெருகிவிடும் என்றாள் ரேவதி. கடைசியில் அந்தக் கடைக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் நத்தை தின்கிற குட்டி மீன் இருக்கிறது. நம் கேரளத்து ஆற்று மீன்தானாம், விரல்நுனி அளவு உடம்பு, உருண்டைக் கண். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலில் நத்தையோடு அவர் கடைக்குப் போகிறேன். பாட்டிலைக் கொடுத்ததும் அந்தத் தொட்டியைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். கொல்வது நானில்லை என்று ஒரு கணக்கு. நீ கணக்கு எழுதினவன், இதை ஒத்துக்கொள்வாயா?

இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. உன் செடியில் புது இலை வந்திருக்கிறது. நத்தை நாலைந்து தெரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணாடியைத் துடைக்கும் என்கிறார் கடைக்காரர். எனக்கும் எல்லாவற்றையும் துடைத்து எடுக்க மனசில்லை. ஒருவேளை அதில் ஒன்று நீயாக இருந்தால்?

தீனி போடாத நாளிலும் ராணி கண்ணாடிக்கு வருகிறாள். என் வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அந்த நேரம்தான் கஷ்டமாக இருக்கிறது. போட ஒன்றும் இல்லாமல், கேட்க யாரும் இல்லாமல், ஒரு மணிக்கு ஒருத்தி தனியாகத் தட்டின் முன்னால் உட்காருவது எப்படியென்று இந்த வயதில் புதிதாகப் படிக்கிறேன்.

உன் முதல் திவசம் வருகிறது. அன்றைக்குச் சுவரில் கவளம் வைப்பேன். காக்கை வந்தாலும் வராவிட்டாலும், சோறு ஆறுவதற்குள் இறங்கி வந்து இலை போட்டு உட்கார்ந்துவிடுவேன். இது சத்தியம். நீ சாப்பிட்டாயா என்று இனி எந்தக் காக்கையிடமும் மீனிடமும் கேட்டு நிற்கமாட்டேன். நீ என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு மட்டும் தினமும் பதில் சொல்வேன்.

மணி ஒன்று அடித்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தட்டோடு உன் நாற்காலிக்குப் போனேன். இப்போது கை கழுவிவிட்டு வந்து இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

ஆச்சு, தாணு. சாப்பிட்டேன்.

உன் எக்கா