சைடுகாரில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் வேலைக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். ஆசி வேண்டி உங்கள் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். மூட்டுவலி குறைந்ததா?

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில், என் சம்பளத்தில் சைடுகார் பூட்டிய படத்தைத் தம்பி ரோடெல் அனுப்பினான். முகப்பில் வழக்கம்போல் பிள்ளைகள் பெயர்: ரோடெல், ஆர்வின். அடுத்து அப்பாவின் சண்டைச் சேவல் பெயர். இங்கே மணிலா ஆபீசில் தோழி பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கடி?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். ரோடெலிடம் போனில் கேட்டேன்.

"ஊர்ல இருக்கிறவங்க பேரை மட்டும்தான் அப்பா எழுதச் சொன்னாரு, அக்கா. சேவல் எங்களை விட்டுட்டுப் போகலையே!"

புதிதாகச் சைடுகார் பூட்டினால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். சைடுகார் கம்பிகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது.

பெயிண்டர் வந்தால், சேவலுக்குக் கீழேயாவது என் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

லிகாயா