வாத்துக் கள்வனும் இவருடைய லைசென்ஸும்

4 மார்ச் 1986
வாத்து இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டு மிஸ்டர் பில்பீம் இங்கிலாந்தில் ஏதோ ஒரு நாட்டுப்புறக் கவுண்டியில் முப்பது வருடம் போலீஸ் சார்ஜன்டாக இருந்தவர். அந்தப் போலீஸ் படையின் வரலாற்றை எழுதுகிறார். கைவிரல் மடங்காது என்பதால் டைப் அடிப்பது நான். யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் காணிக் கடிதம் அடித்த கை, நாடு விட்டு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் வாத்துத் திருட்டு அடிக்கிறது. இரண்டு அத்தியாயமாக ஒரே கள்ளன், ஒரே வாத்து. கான்ஸ்டபிள் சைக்கிளில் துரத்துகிறார், செயின் கழன்றுவிடுகிறது, கள்ளனே திரும்பி வந்து பூட்டிக் கொடுக்கிறான். பிறகு இருவரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். இதுவும் ஒரு போலீஸா?

வீட்டில் இவரிடம், என் மனுசனிடம், நான் சேர்ச் வரலாறு அடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். யூனிபோம் என்றால் தபால்காரனுக்கே வீதி மாறி நடக்கிற மனுசன். ஊரில் ஒருமுறை யூனிபோம்காரர்கள் இவரை அடையாள அட்டை இல்லையென்று பஸ்ஸால் இறக்கி, வெயிலில் முழங்காலில் இருத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அட்டை எப்போதும் சட்டைப் பொக்கற்றில். குளிக்கும்போது மட்டும் கதவுக் கொழுவியில்.

9 மார்ச்
குட்டு உடைந்தது. புத்தக அட்டைப் படத்துக்கு எது நல்லாயிருக்கும் என்று கேட்க, பில்பீம் பழைய யூனிபோமும் உயரத் தொப்பியுமாக வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இவர் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவர். ஹோஸைப் போட்டுவிட்டு, நேராக நின்று, அடையாள அட்டையை நீட்டினார். பில்பீம் அதை எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்தார் போல. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "படம் நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லி, தன்னுடைய லைப்ரரி அட்டையை எடுத்து இவரிடம் கொடுத்தார்.

ஹோஸ் ஓடியபடியே கிடந்தது. இவர் அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

2 ஏப்ரல்
ஹென்டர்சன் தொழிற்சாலையில் இவருக்கு வேலை தருகிறார்களாம். விடிகாலை ஷிப்ட். அந்த நேரம் பஸ் இல்லை. மே முடிவதற்குள் லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை. எடுத்தால் இந்த ஒற்றை அறையை விட்டுப் போகலாம். பிள்ளையாரே!

17 ஏப்ரல்
டெஸ்ட். யூனிபோம் போட்ட ட்ராபிக் ஒபிசர் பக்கத்தில் இருந்தும் இவர் நன்றாகத்தான் ஓட்டினாராம். பள்ளிக்கூடக் கடவையில், பிள்ளைகள் தெருவைக் கடக்க வாகனம் மறிக்கிற ஒரு பெட்டை, பத்து வயதிருக்கும், ஒரேஞ்ச் மழைக்கோட்டோடு 'ஸ்டொப்' பலகையை நீட்டியிருக்கிறாள். நிறுத்தினது சரி. அதோடு விட்டாரா? ஊர்ச் சோதனைச் சாவடியில் போல எஞ்சினை அணைத்து, உள் லைட்டைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, அவளிடம் அடையாள அட்டையைக் கொடுத்திருக்கிறார்! அவளும் வாசித்துப் பார்த்து "தாங்க்யூ" என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

ஃபெயில்.

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பொக்கற்றில் வைத்து, மேலால் கையை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். என்ன பொம்பிளை நான்?

20 ஏப்ரல்
பில்பீமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெயில், முழங்கால், அட்டை, கடவைப் பெட்டை. "அத்தியாயம் காத்திருக்கட்டும்" என்று எழும்பிப் போய் யூனிபோமைப் போட்டுக்கொண்டு வந்தார்.

27 ஏப்ரல்
ஒவ்வொரு நாளும் கார் ஓட்டம். வேலைக்காக இவரும் சம்மதித்துவிட்டார். பக்கத்தில் முழு யூனிபோமில் பில்பீம். தொப்பி கூரையில் இடிப்பதால் தலையைக் குனிந்தபடி இருப்பார். கழற்றுங்கள் என்றால், "அப்படியென்றால் பழக்கம் வராது" என்கிறார்.

இன்று சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவால் போயிருக்கிறார்கள். உடனே அங்கே இருக்கிற எங்கள் ஊர் அன்னபாக்கியம் அக்காவின் போன். "எடி யோகராணி, உன்ர மனுசனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகுது! அதுவும் அவரையே கார் ஓட வைச்சு!" நான் விளங்கப்படுத்த முதலே போனை வைத்துவிட்டா. இவர் வீடு திரும்பியபோது முற்றத்தில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஒரு சட்டி புளிச்சாதம், ஜாமீன் எடுக்க வந்த நவரத்தினம் மாஸ்டர். பில்பீம் புளிச்சாதத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லோரும் போன பிறகு இவர் வாத்து அத்தியாயத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"பிடிச்ச பிறகு அவனுக்கு அடிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒரு அடி கூட?"

"இல்லையப்பா. தேத்தண்ணிதான்."

"திரும்ப வாசியும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

22 மே
பாஸ். கடவையில் நின்றாராம், பிள்ளைகள் போன பிறகு காரை எடுத்தாராம். அவ்வளவுதான்.

14 ஆகஸ்ட்
இவர் வேலையால் வரும்போதே முகம் சிவந்திருந்தது. வழியில் ட்ராபிக்காரன் மறித்தானாம், வேகமாம்.

"அட்டையைக் குடுத்தனீங்களோ?"

"எந்த அட்டை? லைசென்ஸைக் கேட்டான், குடுத்தன். பிறகு கேட்டன், ஐம்பதிலதான் வந்தனான், உன்ர மிசின் சரியோ எண்டு. அவன் ஏதோ சொன்னான். நானும் விடேல்லை. கால்மணித்தியாலம்!"

"யூனிபோமோடயோ நிண்டவன்?"

"பின்னை, வீட்டில மாதிரி சாரம் உடுத்துக்கொண்டே நிப்பான்?"

சட்டையைத் தோய்க்கப் போடும்போது பொக்கற்றைத் தடவிப் பார்த்தேன். அபராதத் துண்டு மட்டும் இருந்தது. அடையாள அட்டை அலுமாரிக்குள், என் சேலைக்குக் கீழே கிடக்கிறது. எப்போது வைத்தார்?

தேத்தண்ணி ஆறுகிறது. ஆள் பக்கத்து வீட்டில். போலீசைப் பற்றிப் பில்பீமிடம் முறைப்பாடு சொல்லும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.