கலங்கல் மேல் அடுக்கிய மூட்டைகள்

உத்திரமேரூர் வழி,
20-11-1956, செவ்வாய்

அன்பு மகன் ஏசுதாசுக்கு நைனா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இந்த நிமிஷம் வரை எல்லாரும் சுகம், பெங்களூர்க் குளிரில் நீயும் சுகமாகப் படிக்கிறாய் என்று நம்புகிறேன். உன் அக்கா மார்த்தாளுக்கு ஆண் குழந்தை பிறந்து பதினாறு நாள் ஆகிறது, மூக்கு அப்படியே உன் மூக்கு. குருமடத்தில் லத்தீன் படிக்கும்போது அந்தக் காலத்து ரோமாபுரிப் பெரியவர்கள் சொன்னதாக நீ எழுதியிருந்தாய், கஷ்ட காலத்தில் மனுஷன் விழித்திருப்பான், அதிர்ஷ்டம் வரும்போதுதான் ஏமாந்துபோவான், அது கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேட்கும், நம் நடத்தை ஒன்றை மட்டும் அதனால் திருப்பிக் கேட்க முடியாது என்று. படித்துவிட்டுச் சிரித்தேன், நம் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அதிர்ஷ்டத்துக்கு எதற்குப் பயப்படுவது என்று. இப்போது சிரிப்பு வரவில்லை.

மூன்று வருஷம் வறண்டு கிடந்த ஏரி இந்த மழையில் நிரம்பிவிட்டது. ஊரே பொங்கல் வைத்துக் கும்பிட்டது. மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் மேல், ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று பயிர்க்காரர்கள் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். நம் தெருவுக்குப் பின்னால் கரை அடியில் நேற்றுத் தெளிந்த நீர் கசிந்தது, இன்று காலை முதல் சேறாக வருகிறது. முப்பது வருஷம் நீர்க்கட்டியாக மடை திறந்து மூடியவனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா, உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது. மழையும் விடவில்லை. பெரிய பயிர்க்காரர் வேதாசலத்திடம் போய், கரை உடையப்போகிறது, மூட்டையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். மூணு வருசமா வவுறு காஞ்சி கெடந்தோம், இப்ப தண்ணிய வுட சொல்றியே, உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா, மூட்ட மேல கைய வெச்சா கையி இருக்காது என்றார். கெட்ட மனிதர் இல்லை, பஞ்சத்தில் நமக்குக் கேழ்வரகு அளந்தவர்தான். இப்போது நெல்லைத் தவிர அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் வயலும் அந்தக் கரைக்குக் கீழேதான் இருக்கிறது.

அம்மாவையும் அக்காவையும் குழந்தையையும் மேட்டுக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். தெருவில் மற்ற நாற்பது வீடும் அசையவில்லை, இந்த மழையில புள்ளைங்கள தூக்கிக்கினு எங்க போறது என்கிறார்கள். கலங்கலில் பயிர்க்காரர்களின் ஆட்கள் ஆறு பேர் தடியோடு காவல் இருக்கிறார்கள். பொழுது சாஞ்சப்புறம் போயி நாலு மூட்டைய உருவிட்டு வந்துடு, எவனுக்குத் தெரியப்போவுது என்று உன் அம்மா அழுதாள். பொழுது சாயும்வரை கரை தாங்காது. தாங்கினாலும் இருட்டில் உருவினால் நான் திருடன், நாளைக்கே திரும்ப அடுக்குவார்கள். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, அந்த ஆறு பேர் கண்ணெதிரில், ஏன் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எடுக்கப் போகிறேன். தண்ணீர் என் கையில் இல்லை, அவர்கள் தடியும் என் கையில் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

நீ படிப்பை விட்டுவிட்டு ஓடி வராதே. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பதில் எழுதும்போது விலாசத்தில் என் பெயரைப் போடாதே, அம்மா பாக்கியமேரி பெயருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் நைனா
சின்னப்பையன்