வெள்ளைத் துணியில் ஒரு ஜோடி ஷூ

பெட்ரிச்,
5 மே 2008

என் செல்ல ராலிட்சா,

நான் நலம். உன் அப்பாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. போன் பக்கத்திலேயே அவர் நாற்காலி இருப்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறி, எல்லை தாண்டி தெசலோனிகி போய் வந்தோம். கிளப்பியது அவர்தான், நம்புவாயா? முப்பது வருடமாக என்னைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக்கூடக் கூட்டிப்போகாத மனிதர்! கடலோரம் முழுக்க நடந்தோம். அங்கே எல்லோரும் பார்க்க வரும் வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் தண்ணித் தொட்டி மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு. எனக்கு ஒரு கூம்பு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, பாதியை அவரே தின்றார். கல்யாணமான புதிதில் இருந்ததுபோல இருந்தது.

கடைத்தெருவில் நான் ஆலிவ் வாங்கிக்கொண்டிருந்தபோது ஆளைக் காணோம். பார்த்தால், எதிர்ப்பக்க ஷூக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். கடைக்காரன் கறுப்பு ஷூவைக் காட்ட, இவர் நம் வழக்கப்படி 'சரி, சரி' என்று தலையை இடமும் வலமும் ஆட்ட, அவன் வேண்டாமாக்கும் என்று பெட்டியை மூடி மேலே வைத்துவிட்டான். இரண்டு முறை! கடைசியில் இவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. அந்த ஷூவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கீழ் இழுப்பறையில் வைத்தார். "அதைத் தொடாதே, நெவெனா," என்றார், அவ்வளவுதான். உன் தாத்தாவும் இப்படித்தான் தரையே படாத ஷூ ஒன்றை அதே இழுப்பறையில் கட்டி வைத்தார். ஒருமுறையும் போடாததைத்தானே சவப்பெட்டியில் காலுக்கு மாட்டுவோம். மறு வருடமே போய்ச் சேர்ந்தார். போதாததற்கு, உன் அப்பாவை டாக்டர் வீட்டு வாசலில் மூன்று முறை பார்த்ததாகப் பக்கத்து வீட்டு ருமியானா சொல்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏற்கெனவே விவாகரத்தான ஸ்பானியனை நீ கட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லைதான். காபிக் கடையில் ஊரே கேட்க, "அந்தக் கல்யாண வாசல்ல என் கால் படாது," என்று கத்தினார்தான். நீயும், "வராவிட்டால் போகட்டும்," என்று எழுதிவிட்டாய். ஜூனில் உன் கல்யாணம் வரைக்கும் அவர் இருப்பாரோ என்று நான் பயப்படுகிறேன், கண்ணே. வீம்பை விட்டு அவருக்கு ஒரு வரி எழுது.

உன் அம்மா,
நெவெனா


வலென்சியா,
14 மே 2008

அன்புள்ள அம்மா,

முதலில் உட்கார். மூச்சு விடு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்த அன்றே தெசலோனிகியிலிருந்து ஒரு தபால் அட்டையும் வந்தது. 'அம்மாவிடம் சொல்லாதே' என்றுதான் எழுதியிருக்கிறார். நீ அழுதுகொண்டிருக்கும்போது நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? அப்படியே எழுதுகிறேன்:

"ராலிட்சா, கல்யாணக் கூடத்துல தரை மரமா, கல்லா? தோல் அடி வச்ச ஷூ வாங்கிட்டேன், கல்லுன்னா வழுக்கும். முட்டிக்கு மூணு ஊசி போட்டாச்சு. கைகோத்து ஹோரோ ஆடும்போது நான்தான் முன்னால நின்னு இழுப்பேன், உன் ஸ்பானியன் எனக்குப் பின்னால வரட்டும். அம்மாகிட்ட இப்ப சொல்லாதே. ஊரெல்லாம் கேக்கக் கத்தினவன்தானேன்னு சிரிப்பா. அப்பா."

ஷூவுக்காகத்தான் உன்னை ஊர் சுற்றக் கூட்டிப்போயிருக்கிறார், திருட்டு மனிதர்.

நான் 'போகட்டும்' என்று எழுதியது பொய், அம்மா. எழுதிய நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்பா சொல்லும் அந்த ஸ்பானியன், என் ஆந்த்ரேயு, இப்போதே முற்றத்தில் ஹோரோ பழகுகிறான், தன் காலையே மிதித்துக்கொள்கிறான். தரை கல் என்று அப்பாவிடம் சொல்.

உன் மகள்,
ராலிட்சா


பெட்ரிச்,
25 மே 2008

என் தங்கமே,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். தரையிலேயே உட்கார்ந்து, ஆசை தீர அழுதேன். இருபது நாள் பாரம் இறங்கிவிட்டது.

பிறகு எழுந்தேன். இழுப்பறையைத் திறந்து, துணியை உருவி எறிந்துவிட்டு, ஷூவோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"போடு இதை!"

"காட்டிக்குடுத்துட்டாளா? புதுசுடி, அழுக்காயிடும்!"

"அழுக்காகணும், லாசர்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அப்போதுதான் தண்ணீர் விட்ட தக்காளிப் பாத்தியில் இறக்கினேன். மூன்று சுற்று நடக்க வைத்தேன். ருமியானா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"போடாததைத்தான் பெட்டிக்குள்ள வைப்பாங்க. இனிமே இதை யாரும் உனக்கு அப்படி மாட்ட முடியாது," என்றேன்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சேற்றில் நின்றபடி என்னையே பார்த்தார். "அட மக்குப் பொண்ணே," என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்படியே நின்றுகொண்டு, "தரை கல்லா, மரமா? எழுதினாளா?" என்றார்.

இப்போது வாசலில் உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே ஷூவைத் துடைக்கிறார். பளபளவென்று மின்னட்டும். குதிகால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சேற்றை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதோடுதான் வருவோம்.

உன் அம்மா,
நெவெனா